லட்லோவில் பழைய வீடு: எக்ஸ்சேஞ்சுக்கு முன் கேட்டுவிட வேண்டியவை

வாசகர் கேள்வி:

நான் ஹெரிஃபோர்ட் மருத்துவமனையில் செவிலியர். மனைவி வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறார். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 3. விசாவில்தான் இருக்கிறோம். ஐந்து ஆண்டு வாடகை வீட்டில் இருந்தபின் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் உள்ள லட்லோவில், கோர்வ் தெருவின் கீழ்க்கோடியில், 2,95,000 பவுண்டுக்கு ஒரு பழைய வீடு பார்த்தோம். முன்பக்கம் செங்கல், உள்ளே ஓக் உத்தரங்கள், கிரேடு 2 லிஸ்டட் (சட்டப் பாதுகாப்பில் உள்ள பாரம்பரியக் கட்டடம்). ஒரு படுக்கையறை பொதுச் சந்துக்கு மேலே இருக்கிறது. சுவர் ஓதத்துக்கு மருந்து ஏற்றியாயிற்று, 30 ஆண்டு உத்தரவாதம் உண்டு என்கிறார் ஏஜென்ட். வங்கியே சர்வே (வீட்டின் நிலையைச் சோதிப்பது) செய்துவிடும், தனியாக வேண்டாம் என்கிறார். தான் சொல்லும் சொலிசிட்டரிடமே (வழக்கறிஞரிடமே) போகச் சொல்கிறார். சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்துகிறார்கள். மாமனார் ஊரிலிருந்து 25 லட்சம் ரூபாய் தருகிறார். அப்பா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன, உயில் இல்லை. கும்பகோணத்து வீட்டில் அம்மா, தங்கையோடு எனக்கும் பங்கு உண்டு. லட்லோவிலேயே ஊர் ஓரத்தில், ஏறக்குறைய இதே விலையில், 1970களில் கட்டிய வீடு ஒன்றும் விற்பனைக்கு வந்திருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்:

வணக்கம். பழைய வீட்டுக்கு இன்னும் உறுதி சொல்லாதீர்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகுதான் அது உங்களுக்கு ஏற்ற வீடா என்று சொல்ல முடியும். கும்பகோணத்துப் பங்கால் எவ்வளவு வரி வரும்? அந்த முகவரிக்கு வெள்ளக் காப்பீடு என்ன விலையில் கிடைக்கும்? முந்தைய உரிமையாளர்கள் செய்த வேலைகளுக்கு அனுமதி உண்டா? வரி இரண்டு வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்; மற்ற இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் 1970கள் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

அவசரப்படுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் டோக்கன் கொடுத்து விற்பனை ஒப்பந்தம் எழுதினால் அன்றே இரு தரப்பும் கட்டுப்பட்டுவிடும். இங்கிலாந்தில் அப்படி இல்லை. நீங்கள் விலை சொல்லி, விற்பவர் சரி என்று சொன்னாலும் யாரும் யாருக்கும் கட்டுப்படவில்லை. ஒப்பந்தங்கள் கைமாறும் எக்ஸ்சேஞ்ச் நாள்வரை நீங்களும் விலகலாம், அவரும் வேறொருவரின் கூடுதல் விலைக்கு மாறலாம். எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாக 10 சதவீதம், அதாவது 29,500 பவுண்ட் கட்டுவீர்கள். அதற்குப் பின் விலகினால் அந்தப் பணம் போய்விடும். அதற்கு முன்பு விலகினால் சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் செலவழித்த தொகையோடு நஷ்டம் நின்றுவிடும். ஆகவே கேள்வி கேட்பதும் அதற்குச் செலவழிப்பதும் எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால் நடக்க வேண்டும். விலை பேசி முடித்ததிலிருந்து சாவி கைக்கு வர மூன்று, நான்கு மாதம் ஆவது சாதாரணம்; உங்களுக்கு நேரம் இருக்கிறது.

முதலில் வரி. பலரும் சறுக்குவது இங்கேதான். ‘முதல் வீடு’ என்றால் இங்கிலாந்தில் முதல் வீடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டாம்ப் டியூட்டிச் சட்டத்தின்படி, உலகில் எங்குமே ஒரு குடியிருப்பு வீட்டில் பங்கு வைத்திருக்காதவர்தான் முதல் வீட்டுக்காரர். வாரிசாக வந்த பங்கும் கணக்கில் சேரும். 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதப்படி, முதல் வீட்டுக்காரருக்கு 3 லட்சம் பவுண்ட் வரை வரி இல்லை. உங்கள் 2,95,000 பவுண்ட் வீட்டுக்கு அந்தச் சலுகை கிடைத்தால் வரி பூஜ்யம். கிடைக்காவிட்டால் முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை, அடுத்த 1,25,000-க்கு 2 சதவீதம், மிச்சம் 45,000-க்கு 5 சதவீதம். மொத்தம் 4,750 பவுண்ட். இருவர் பெயரில் வாங்கினால் இருவருமே முதல் வீட்டுக்காரராக இருக்க வேண்டும். கும்பகோணத்துப் பங்கு உங்கள் பெயரில் இருப்பதால், கூட்டாக வாங்கினால் சலுகை கிடையாது.

இதைவிடப் பெரிய தொகை ஒன்று காத்திருக்கிறது. வேறு வீடு வைத்துக்கொண்டு இன்னொன்று வாங்குபவருக்கு மொத்த விலையின் மேல் 5 சதவீதம் கூடுதல் வரி உண்டு. 2024 அக்டோபர் 31-ஆம் தேதி அது 3-லிருந்து 5 ஆனது. வெளிநாட்டு வீடும் இதில் சேரும். கணவன் மனைவியில் யார் பெயரில் இருந்தாலும் சேரும். உங்கள் கணக்கில் கூடுதல் 14,750, மொத்தம் 19,500 பவுண்ட். ஆனால் அந்த மற்ற வீட்டில் உங்கள் பங்கின் சந்தை மதிப்பு 40,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் இந்தக் கூடுதல் வரி வராது. ஒரு பவுண்ட் 115 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40,000 பவுண்ட் என்பது 46 லட்சம் ரூபாய். கும்பகோணத்து வீடு 1 கோடியே 5 லட்சம் பெறும், மூவருக்கும் சம பங்கு என்றால் உங்களுடையது 35 லட்சம். தப்பித்தீர்கள். அதே நேரம் தங்கை ‘அண்ணனே வைத்துக்கொள்ளட்டும்’ என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் உங்கள் பங்கு 70 லட்சம் ஆகிவிடும். 14,750 பவுண்ட் வரி வந்து நிற்கும். அப்படி ஏதாவது பேச்சு இருந்தால் இங்கே வீடு பதிவாகும்வரை தள்ளிப் போடுங்கள். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் கும்பகோணத்து வீட்டுக்கு ஒரு மதிப்பீட்டுச் சான்று வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு கேள்வி வந்தால் காட்ட அதுதான் ஆதாரம்.

மனைவி பெயரில் மட்டும் வாங்கினால்? உங்கள் பங்கு 40,000 பவுண்டைத் தாண்டினால் பயனில்லை. மனைவி தனியாக வாங்கினாலும் உங்கள் வீடு அவர் கணக்கிலும் ஏறும், கூடுதல் வரி வந்த இடத்தில் முதல் வீட்டுச் சலுகையும் கிடைக்காது. பங்கு அதற்குக் கீழே இருந்து, மனைவிக்கு எங்கும் வீடு இல்லையென்றால் சலுகை பெற வழி உண்டு. அப்போது கடன் அவர் ஒருவர் சம்பளத்தில் கிடைக்க வேண்டும். பணத்தில் உங்களுடையதும் இருந்தால் உண்மையில் வீட்டில் யாருக்குப் பங்கு என்ற கேள்வியும் வரும். இதை நண்பர்கள் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டாம்ப் டியூட்டி தெரிந்த சொலிசிட்டரிடம் உங்கள் நிலைமை முழுவதையும் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வரிப் படிவம் வீடு கைமாறிய 14 நாளுக்குள் போக வேண்டும். அதில் தவறு இருந்தால் பொறுப்பு உங்களுடையது.

மாமனார் தரும் பணம் பற்றி. பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கியும் கேட்கும், சொலிசிட்டரும் கேட்பார். இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டாம், வீட்டில் எனக்கு உரிமை இல்லை என்று மாமனார் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய பாஸ்போர்ட் அல்லது அடையாளச் சான்று, அவர் வங்கிக் கணக்கின் ஆறு மாத விவரம் ஆகியவற்றை இப்போதே திரட்டுங்கள். நிலம் விற்ற பணமென்றால் கிரயப் பத்திர நகலும் அதன் மொழிபெயர்ப்பும் வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதால் உச்சவரம்பு உங்களுக்குத் தடையில்லை. ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து அன்பளிப்பு போன்ற வகைகளில் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிக்கப்படுகிறது. 25 லட்சத்துக்கு 3 லட்சம் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். மாமனார் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். சீட்டு எடுத்த பணம், நண்பர்கள் கைமாற்றாகத் தந்தது இவற்றை டெபாசிட்டில் கலக்க வேண்டாம். திருப்பித் தர வேண்டிய பணத்தை அன்பளிப்பு என்று எழுதுவது பொய்க் கணக்கு, கடன் மனுவே நிராகரிக்கப்படும்.

விசாவில் இருப்பவர்களிடம் சில வங்கிகள் கூடுதல் டெபாசிட் கேட்கும், சில வங்கிகள் விசாவில் குறிப்பிட்ட காலம் மிச்சம் இருக்க வேண்டும் என்னும். வங்கி வங்கியாக ஏறி இறங்காமல், எல்லா வங்கிகளின் திட்டங்களையும் பார்க்கும் மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) தரகரிடம் போங்கள். வீடு லிஸ்டட், மரச்சட்டம், சந்துக்கு மேல் அறை என்ற மூன்றையும் முதல் உரையாடலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் தெரிந்தால் வங்கி பின்வாங்கும், மாதங்கள் வீணாகும்.

இனி வெள்ளம். லட்லோ குன்றின் மேல் அமைந்த ஊர். கோட்டையும் சந்தைச் சதுக்கமும் உயரத்தில் இருக்கின்றன. தெருக்கள் அங்கிருந்து இறங்கி ஒரு பக்கம் டீம் ஆற்றுக்கும் இன்னொரு பக்கம் கோர்வ் ஆற்றுக்கும் போகின்றன. நீங்கள் பார்த்த வீடு கோர்வ் தெருவின் கீழ்க்கோடியில். 2007 ஜூன் வெள்ளத்தில் அந்தத் தெருவில் இருந்த பர்வே பாலமே இடிந்து விழுந்தது. மேல் கோடியில் உள்ள வீட்டுக்கும் கீழ்க்கோடி வீட்டுக்கும் இந்த ஒரு விஷயத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அரசின் நீண்டகால வெள்ள அபாய இணையப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்து, ஆற்று வெள்ளம், மழைநீர் தேக்கம் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். விற்பவர் நிரப்பித் தரும் சொத்து விவரப் படிவத்தில் வெள்ளம் வந்ததா என்ற கேள்வி உண்டு. ‘தெரியாது’ என்று எழுதியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடாமல், எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறீர்கள், காப்பீட்டில் எப்போதாவது இழப்பீடு கேட்டதுண்டா என்று சொலிசிட்டர் வழியாகத் திரும்பக் கேளுங்கள். நேரில் போகும்போது கதவு நிலையின் இரு பக்கமும் தடுப்புப் பலகை செருகும் பள்ளம் இருக்கிறதா, தரைத்தளத்தில் மின் பிளக்குகள் மட்டும் வழக்கத்துக்கு மேல் உயரத்தில் இருக்கின்றனவா, சுவரின் கீழ் மூன்றடிக்கு மட்டும் புதுப் பூச்சா என்று கவனியுங்கள். மூன்றும் ஏற்கனவே தண்ணீர் புகுந்த வீட்டின் அடையாளங்களாக இருக்கலாம்.

விலை பேசுவதற்கு முன்பே இரண்டு, மூன்று காப்பீட்டு நிறுவனங்களிடம் அந்த முகவரிக்கு விலை கேளுங்கள். 2009-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு ஃபிளட் ரீ என்ற ஏற்பாடு இருக்கிறது. 2016-இல் தொடங்கியது. காப்பீட்டில் வெள்ள அபாயத்துக்கான பங்கைக் காப்பீட்டு நிறுவனங்கள் அதனிடம் தள்ளிவிடுவதால் பிரீமியம் கட்டக்கூடிய அளவில் நிற்கிறது. ஆனால் அது 2039-இல் முடிகிறது. நீங்கள் எடுக்கப்போகும் 25 ஆண்டுக் கடன் அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் ஓடும். பிற்பாடு விற்கும்போது உங்களிடமிருந்து வாங்குபவரும் இதே கணக்கைப் போடுவார். எனவே வெள்ள அபாயம் ‘அதிகம்’ என்று காட்டினால் அந்த வீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அடுத்தது லிஸ்டட் விவகாரம். கிரேடு 2 என்றால் முகப்பு மட்டும் காக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு, பழைய பூச்சு, உத்தரம், 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்து வீட்டு வளாகத்தில் நிற்கும் கொட்டகை, மதில் எல்லாம் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் லிஸ்டட் கட்டட அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது குற்றம். சாதாரணக் கட்டடங்களின் திட்ட அனுமதி மீறல்களுக்கு ஒரு காலவரம்புக்குப் பின் நடவடிக்கை எடுக்க முடியாது. லிஸ்டட் கட்டடத்துக்கு அந்த வரம்பே இல்லை. 1985-இல் யாரோ ஒருவர் மர ஜன்னலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருந்தால், அதைப் பழையபடி மாற்றச் சொல்லும் அறிவிப்பு இன்றைய உரிமையாளரான உங்களுக்கு வரலாம்.

ஆகவே வீட்டை இரண்டாம் முறை பார்க்கும்போது மாறிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிளாஸ்டிக் ஜன்னல், இடித்துச் சேர்த்த சமையலறைச் சுவர், பரணில் வைத்த கூரை ஜன்னல், புதிதாகத் துளைத்த பாய்லர் புகைக்குழாய். ஷ்ராப்ஷயர் கவுன்சிலின் திட்ட அனுமதிப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே அந்த முகவரிக்கு என்னென்ன அனுமதி இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அதிகாரியை வீட்டு முகவரியைச் சொல்லித் தொலைபேசியில் அழைத்துவிடாதீர்கள். அனுமதி இல்லாத பழைய வேலைகளுக்கு இழப்பீட்டுக் காப்பீடு எடுக்கச் சொலிசிட்டர்கள் வழி செய்வதுண்டு. கவுன்சிலிடம் யாராவது வாய் திறந்துவிட்டால் அந்தக் காப்பீடு கிடைக்காது. முதலில் சொலிசிட்டரிடம் பட்டியலைக் கொடுங்கள். வேலை பெரிதென்றால் விற்பவரே முறைப்படுத்தித் தர வேண்டும், அல்லது மாற்றும் செலவை விலையில் குறைக்க வேண்டும்.

சந்துக்கு மேலே உள்ள அறைக்கு இங்கே ‘ஃபிளையிங் ஃப்ரீஹோல்ட்’ என்று பெயர். உங்கள் அறை மேலே, கீழே உள்ள இடம் மற்றவருடையது. லட்லோ திட்டமிட்டு அமைத்த இடைக்கால ஊர். தெருவைப் பார்த்துக் குறுகலும் பின்னால் நீளமுமான மனைகள். பின்பக்கம் போக விட்ட சந்துகள் மேல் பிற்காலத்தில் அறை எழுப்பியிருக்கிறார்கள். அதில் தவறில்லை. அந்த அறையைக் கீழே உள்ள சுவர் தாங்க வேண்டும் என்ற உரிமையும், பழுது பார்க்க அடுத்தவர் இடத்துக்குள் போகும் உரிமையும் பத்திரத்தில் இருக்கின்றனவா என்பதே கேள்வி. இல்லையென்றால் சில வங்கிகள் கடன் தராது. வீட்டுப் பரப்பில் அந்த அறை எத்தனை சதவீதம் என்றும் கேட்பார்கள், அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி செய்வது சர்வே அல்ல. கடன் தொகைக்கு வீடு ஈடாகுமா என்று பார்க்கும் மதிப்பீடு. சில சமயம் யாரும் வீட்டுக்கு வருவதுகூட இல்லை. உங்களுக்கு வேண்டியது சர்வேயர்களின் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். வகுத்த லெவல் 3, அதாவது மிக விரிவான சர்வே. லெவல் 2 சாதாரண வீடுகளுக்குப் போதும், மரச்சட்ட வீட்டுக்குப் போதாது. பழைய கட்டடங்களையே தொழிலாகப் பார்க்கும் சர்வேயராகத் தேடுங்கள். ‘சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரியுமா, இந்த வட்டாரத்து ஓக் சட்ட வீடுகளைப் பார்த்ததுண்டா’ என்று நேராகக் கேளுங்கள். சில நூறு பவுண்ட் கூடத்தான் ஆகும். இந்த வீட்டுக்கு அது செலவில்லை.

எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்கிறேன். லட்லோவில் செங்கல் முகப்புக்குப் பின்னால் அதைவிடப் பழைய மரச்சட்டம் நிற்பது வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் நாகரிகத்துக்காக முன்னால் செங்கல் கட்டி மூடினார்கள். அந்த மரமும், சட்டங்களுக்கு இடையே நிரப்பிய மண் அல்லது செங்கலும், மேலே பூசிய சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கும், வெயில் காற்றில் திருப்பிக் கொடுக்கும். நம் ஊர்ப் பழைய சுண்ணாம்புக்காரை வீடும் அப்படித்தான். பின்னாளில் யாராவது சிமெண்ட் பூசினாலோ, காற்றுப் புகாத பெயிண்ட் அடித்தாலோ, ஈரம் உள்ளேயே தங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். முதலில் உளுத்துப்போவது சுவரின் அடியில் படுத்திருக்கும் அடிச்சட்டம். வெளியே தெருவோ முற்றமோ காலப்போக்கில் உயர்ந்து அந்தச் சட்டத்தை மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளித்தரை உள்தரையைவிட 150 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும்.

மருந்து ஏற்றியதும் 30 ஆண்டு உத்தரவாதமும் உங்களைத் திருப்திப்படுத்த வேண்டாம். ஓத மருந்து ஏற்றும் நிறுவனத்தின் ஆள் கையில் வைத்திருக்கும் ஈரமானி அளப்பது மின்கடத்தலைத்தான். சுவரில் உப்பு இருந்தாலும் அது சிவப்பைக் காட்டும். அதை வைத்து ‘அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது’ என்று சொல்லி, மருந்து ஊசி போட்டு, மேலே சிமெண்ட் பூசி மூடிவிடுவார்கள். காரணம் அடைபட்ட மழைநீர்க் குழாயாகவோ உயர்ந்துவிட்ட முற்றமாகவோ இருக்கும், அது அப்படியே இருக்கும். உத்தரவாதம் தந்த நிறுவனம் இன்னும் நடக்கிறதா, அது பெயர் மாற்றித் தரக்கூடியதா, அந்த வேலைக்கு லிஸ்டட் அனுமதி வாங்கினார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். ஒரு நல்ல மழை நாளில் குடையோடு போய்த் தெருவில் பத்து நிமிடம் நில்லுங்கள். கூரையோர மழைநீர்க் கால் எங்கே வழிகிறது, அது எந்தச் சுவரில் வடிகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

சமையலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்து, மழைக்காலம் முழுக்கத் துணியை உள்ளே காயப்போடும் வீட்டில் ஆவி நிறையச் சேரும். அது குளிர்ந்த சுவரில் நீராகிக் கருப்புப் பூஞ்சையாகும். அடுப்புக்கு நேர் மேலே, வெளியே குழாய் விட்ட, நொடிக்கு 30 லிட்டராவது இழுக்கும் புகைபோக்கி விசிறி தேவை. அடுப்புக்கு மேலே இல்லையென்றால் 60 லிட்டர். கரித்தகடு வைத்து அறைக்குள்ளேயே காற்றைச் சுழற்றும் வகை வாசனையைக் குறைக்கும், ஆவியை வெளியே அனுப்பாது. லிஸ்டட் வீட்டில் அந்தக் குழாய்க்குச் சுவரில் துளை போடவே அனுமதி வேண்டும். ஏற்கனவே அனுமதியோடு போட்ட குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பெரிய நிம்மதி. அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால், அவர்கள் ஜன்னல் அந்தக் குழாய்க்கு நேரே இருக்கிறதா என்பதையும் இப்போதே கவனித்துவிடலாம்.

1970கள் வீட்டில் இந்தத் தலைவலி பாதிக்குமேல் இல்லை. நடுவே இடைவெளி விட்ட இரட்டைச் சுவர், கார் நிறுத்த இடம், ஜன்னல் மாற்றப் பெரும்பாலும் யாரையும் கேட்க வேண்டாம். லெவல் 2 சர்வே போதும். சொரசொரப்பான அலங்காரப் பூச்சு உள்ள உட்கூரையிலும் கார் கொட்டகைக் கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; தொடாமல் விட்டால் ஆபத்தில்லை, துளையிடுவதற்கு முன் சோதனை செய்யுங்கள். சுவர் இடைவெளியில் காப்புப் பஞ்சு அடைத்திருந்தால், மழை அடிக்கும் மேற்குச் சுவரின் உட்பக்கம் ஈரத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். ஜன்னல்கள் 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றப்பட்டிருந்தால் ஃபென்சா (ஜன்னல் பொருத்துபவர்களுக்கான பதிவுத் திட்டம்) சான்றோ கவுன்சில் சான்றோ இருக்க வேண்டும்.

ஊரில் வாழ்வது பற்றி. லட்லோவிலிருந்து ஹெரிஃபோர்டுக்கு ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம், அங்கே நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு நடந்தே போகலாம். ஆனால் உங்கள் ஷிஃப்டை வைத்துப் பாருங்கள். காலை முதல் ரயில் உங்கள் வேலை நேரத்துக்கு முன் சேர்கிறதா, இரவு ஷிஃப்ட் முடிந்த ஞாயிறு காலையில் திரும்ப ரயில் உண்டா? இல்லையென்றால் ஏ49 சாலையில் 24 மைல் கார் ஓட்ட வேண்டும். பெரும்பகுதி ஒற்றைத் தடம். ஒரு டிராக்டர் முன்னால் போனால் பின்னால் போவதுதான் வழி. பழைய வீட்டுக்குக் கார் நிறுத்த இடம் இல்லை என்றே நினைக்கிறேன். இரவு ஏழு மணிக்கும், சனிக்கிழமைச் சந்தை நேரத்திலும், செப்டம்பர் உணவுத் திருவிழாவின்போதும் அந்தத் தெருவில் இடம் கிடைக்குமா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

லட்லோவில் சமூக மருத்துவமனை உண்டு, அவசர சிகிச்சைப் பிரிவு இல்லை. அதற்கு ஹெரிஃபோர்டோ ஷ்ரூஸ்பரியோ போக வேண்டும். இரவு ஷிஃப்டில் நீங்கள் இருக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மனைவி கார் ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். என்.ஹெச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) பல் மருத்துவர் புது நோயாளிகளைச் சேர்க்கிறாரா என்று முன்பே விசாரியுங்கள். மகனுக்கு வருட நடுவில் இடம் கேட்டு ஷ்ராப்ஷயர் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மகளின் ரிசப்ஷன் (பள்ளியின் முதல் ஆண்டு) வகுப்புக்கு, அவள் சேரும் ஆண்டின் ஜனவரி 15-க்குள். எந்த முகவரியை ஆதாரமாக ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் முடிந்த கடிதம் தேவைப்படும்.

காய்கறியும் இறைச்சியும் சந்தைச் சதுக்கத்திலேயே நன்றாகக் கிடைக்கும். திங்கள், புதன், வெள்ளி, சனி சந்தை கூடும். இட்லி அரிசி, கறிவேப்பிலை, நல்லெண்ணெய்க்குப் பர்மிங்ஹாம் பக்கம்தான் போக வேண்டும், காரில் ஒரு மணிக்கு மேல். மாதம் ஒருமுறை டிவிடேல் பாலாஜி கோயிலுக்குப் போகும்போது வாங்கி வந்து உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். தமிழ்க் குடும்பங்கள் சூழ வளர்ந்த குழந்தைகளென்றால் முதல் குளிர்காலம் அவர்களுக்கு அமைதியாக இருக்கும். வாரச் சந்தையில் முகம் பழகிவிட்டால் இப்படிப்பட்ட ஊர்களில் மனிதர்கள் நன்றாகவே ஒட்டிக்கொள்வார்கள்.

சொலிசிட்டரை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஏஜென்ட் விற்பவருக்காக வேலை செய்பவர். அவர் சொல்லும் சொலிசிட்டரையோ தரகரையோ எடுத்தால்தான் உங்கள் விலையைச் சொல்வேன் என்று நிபந்தனை போட அவருக்கு உரிமை இல்லை. விலை சொல்லும்போது ‘ஒப்பந்தத்துக்கும் சர்வேக்கும் உட்பட்டது, ஏற்றால் விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்’ என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். சொலிசிட்டர் வீட்டைப் பற்றிய பதிவுகளில் செய்யும் தேடல்களில் கவுன்சில், வடிகால், சுற்றுச்சூழல் மூன்றும் கட்டாயம். கிளீ மலைப் பக்கம் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்ததால், சுரங்கத் தேடல் அந்த முகவரிக்குத் தேவையா என்றும் கேளுங்கள். கட்டடக் காப்பீடு எக்ஸ்சேஞ்ச் நாளிலேயே உங்கள் பெயரில் தொடங்க வேண்டும், சாவி வாங்கும் நாளில் அல்ல. டெபாசிட் அனுப்பும் முன் சொலிசிட்டரின் வங்கி விவரத்தை, முதல் நாள் நீங்களே குறித்துவைத்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுச் சரிபாருங்கள். ‘கணக்கு மாறிவிட்டது’ என்று வரும் மின்னஞ்சலை நம்பி முழுச் சேமிப்பையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். சாவி வாங்கும் நாளை வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள். பணம் மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் திங்கள்வரை சாமான்களோடு தெருவில் நிற்க நேரும். உள்ளே போனதும் மின், எரிவாயு, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்துக்கொண்டு, தண்ணீரை நிறுத்தும் குழாய் எங்கே இருக்கிறது என்று அன்றே கண்டுபிடித்துவிடுங்கள்.